ஊரிகத்திலிருந்து பங்காரப்பேட்டை வரை

குணசுந்தரி பரணிலிருந்து காபி பில்டரை இறக்கி, அடுப்படித் தரையில் உட்கார்ந்து, புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூரில் வேலை முடித்து அப்போதுதான் வீட்டுக்குள் காலை வைத்த சிவலிங்கத்துக்கு அதைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு வருஷமாக அவள் காபியைத் தொடவில்லை. வயிற்றில் புண், டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று ஒரு நாள் காலையில் அறிவித்தாள். அதோடு பில்டர் பரணுக்குப் போய்விட்டது. காபி உள்ளே போகாமல் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத பொம்பிளை, எப்படி ஒரே நாளில் விட்டாள் என்று அவர் அப்போது வியந்ததுண்டு. வியந்ததோடு சரி, மேற்கொண்டு கேட்கவில்லை.

“இன்னா குணா, வயிறு சரியாயிடுச்சா?”

“வயித்துக்கு இன்னா கேடு? அது கல்லாட்டம் கீது.”

அவள் பில்டரைக் கழுவிக் கவிழ்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய், சாமி அலமாரியிலிருந்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கவரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். ராபர்ட்சன்பேட்டையில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் கடிதம். அங்கே வேன் ஓட்டும் அவள் தம்பி வேலு, நிர்வாகத்திடம் சொல்லிவைத்து வாங்கி, மத்தியானம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். ஸ்டோர் கீப்பர் வேலை. வருகிற திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் கால் மணி நேரம்.

“இனிமே உங்களுக்கு அந்த ட்ரெயினு வேணாம்,” என்றாள். “மைசூர் மைன்ஸ் முனீஸ்வரன்கிட்ட வேண்டிக்கினேன். எங்க வூட்டுக்காரர அந்த ட்ரெயின்லருந்து எறக்கி வுடு சாமி, அது வரைக்கும் காபிய வாயில வைக்க மாட்டேன்னு. வெளிய சொன்னா பலிக்காதுன்னுதான் உங்ககிட்டகூடச் சொல்லல. புண்ணுன்னு பொய் சொல்லிட்டேன்.”

சிவலிங்கம் கடிதத்தைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் முகத்தில் என்னவோ ஓடியது. அதைச் சந்தோஷம் என்று குணசுந்தரி எடுத்துக்கொண்டாள். “நீங்க திங்கக்கெழம வேலையில சேந்துட்டு வாங்க. மொத காபி அன்னிக்குத்தான்,” என்று சொல்லிவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள்.

தப்பு முழுக்க அவருடையதுதான். வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. கோலார் தங்க வயலில் ரயிலைத் திட்டாமல் வீடு திரும்பும் ஆம்பிளை கிடையாது. சுரங்கத்தை மூடிய பிறகு பாதி ஊர் பெங்களூருக்கு ரயிலேறியது. ஏறியவர்கள் எல்லோரும் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “அப்பாடா, உயிரு போயி உயிரு வருது” என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். அவருடைய அப்பாவும் ஷிப்ட் முடிந்து வந்து இதே வார்த்தையைத்தான் சொல்வார். அவருக்குச் சுரங்கம், இவருக்கு ரயில். அப்பா சொன்னால் அம்மா வெந்நீர் வைப்பாள். இவர் சொன்னால் குணசுந்தரி வெந்நீர் வைத்தாள், காலுக்கு எண்ணெய் தேய்த்தாள், தோசையில் நெய்யைக் கொஞ்சம் தாராளமாக விட்டாள். இருபத்திரண்டு வருஷம் நாள் தவறாமல் இப்படி உயிர் போய் உயிர் வந்திருக்கிறது. அது வெறும் பழக்கம், தும்மினால் சாமி பேரைச் சொல்வது மாதிரி வாயில் வருவது என்று அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவள் ஒவ்வொரு நாளும் அதை நம்பியிருக்கிறாள்.

சாயங்கால ரயிலில் கஷ்டம் இல்லாமல் இல்லை. கண்டோன்மென்டில் ஏறினால் மாலூர் வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஆனால் காலை ரயில் கதையே வேறு. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. பேச வெட்கம்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்கழி மாதம், அவர்களுடைய பெட்டியில் ஒரு வாரம் விளக்கு எரியவில்லை. அதுவரை அவரும் மற்றவர்களைப் போலத்தான். ஊரிகத்தில் ஏறியதும் சீட்டாட்டம், இல்லாவிட்டால் வாயைப் பிளந்துகொண்டு தூக்கம். விளக்கு இல்லாததால் சீட்டு ஆட முடியவில்லை. குளிர் தாங்காமல் தூக்கமும் வரவில்லை. வேறு வழியில்லாமல் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தார். இருட்டில் பெட்டி முழுக்க மனிதர்கள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. தண்டவாளச் சத்தத்துக்கு நடுவில் தன்னுடைய மூச்சும் போய் வருவது தெரிந்தது. வெளியே பனிக்குள், தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு சுரங்கக்காரர்கள் கொட்டிவிட்டுப் போன சயனைடு மண்மேடுகள் கொஞ்சம் கொஞ்சமாக உருவம் எடுத்தன. கோரமண்டல் தாண்டும்போது அவற்றின் தலையில் மட்டும் ஒரு சிவப்பு ஏறியது. பிறந்ததிலிருந்து பார்த்த மேடுகள். காற்றடித்தால் கண்ணில் மண்ணை வாரிக் கொட்டும் அந்தச் சனியன்களை யாரும் அழகு என்று சொன்னதில்லை. ஆனால் அன்றைக்கு அவருக்குள் காரணமே இல்லாமல் ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்தது. எதுவும் கிடைத்துவிடவில்லை. எதுவும் தேவையாகவும் இல்லை. பங்காரப்பேட்டை வந்து டீக்காரன் கத்தியதும் அது எழுந்து போய்விட்டது.

மறுவாரம் விளக்கு எரிந்தது. சீட்டுக் கட்டும் வந்தது. சிவலிங்கம் மட்டும் திரும்பிப் போகவில்லை. அன்றிலிருந்து ஊரிகம் தொடங்கி பங்காரப்பேட்டை வரை போனை எடுப்பதில்லை, பேசுவதில்லை, தூங்குவதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பார். சில நாள் ஒன்றும் நடக்காது. ஆபீஸ் நினைவும் மகளின் பீஸ் நினைவும் பங்காரப்பேட்டை வரை கூடவே வரும். சரி, வந்தால் வரட்டும் என்று அவற்றையும் ஜன்னலோரம் உட்கார வைத்துக்கொள்வார். பல நாள் அந்தச் சந்தோஷம் வரும். அதன் பலன் நாள் முழுக்க இருந்தது. வேலை பார்க்கும் அச்சகத்தில் முதலாளி கத்தினால், பாவம், இந்த ஆளுக்குக் காலையில் ஜன்னல் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று தோன்றும். பாகப் பிரிவினையில் பேச்சை நிறுத்திய அண்ணனுக்கு ஒரு நாள் அவராகவே போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டார். கோவிலில் அவருக்கு இப்படி வாய்த்ததில்லை. அங்கே போனால் செருப்பு மேல்தான் கண் இருக்கும்.

இதை ஓரளவு கண்டுபிடித்தவன் எதிர் சீட்டு இன்பராஜ். எலக்ட்ரீஷியன், அவரைவிட நாலைந்து வயது சின்னவன். பௌர்ணமி தவறாமல் விகாரைக்குப் போகும் பௌத்தக் குடும்பம். “எங்காளுங்க பத்து நாளு வாயக் கட்டிகினு உக்காந்து தியானம் கத்துக்கறாங்க. நீங்க சீசன் டிக்கெட்லயே கத்துக்கினீங்களே அண்ணே,” என்று ஒரு தடவை சிரித்தான். அதற்குமேல் தோண்டவில்லை. அந்த நாகரிகம் அவனிடம் இருந்தது.

கடிதம் வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. ரயிலில் உட்கார்ந்தவருக்கு மூச்சாவது ஒன்றாவது. பள்ளிக்கூட வேலையை வேண்டாம் என்றால் அவளுடைய இரண்டு வருஷம் என்னாவது? ஏற்றுக்கொண்டால் இந்த ஜன்னல் என்னாவது? காலையில் சும்மா ஸ்டேஷன் வரை போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வரலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. ஐம்பத்து நாலு வயதில் வேலைக்குப் போகாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் ஊர் என்ன பேசும் என்று நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் துக்கமாக இருந்தது. பங்காரப்பேட்டையில் இன்பராஜிடம் விஷயத்தைச் சொன்னார்.

“அக்காகிட்டச் சொல்லிடுங்க அண்ணே.”

“இன்னான்னு சொல்றது? ட்ரெயின்ல எனக்கு நல்லா கீது, நீ காபி குடிக்காம கெட அப்படின்னா?”

இன்பராஜ் டீக்காரனைக் கூப்பிட்டு இரண்டு டீ வாங்கி, ஒன்றை அவரிடம் நீட்டினான்.

அன்று சாயங்காலம் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தார். வாசலிலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள் கை குலுக்கினார்கள். குணசுந்தரி லைன் வீடுகள் முழுக்கச் சர்க்கரை கொடுத்திருந்தாள். முனீஸ்வரனுக்கு எலுமிச்சை மாலை போட்டுவிட்டு வந்திருந்தாள். பெங்களூர் ஹாஸ்டலிலிருந்து மகள் பவ்யா வீடியோ காலில் வந்து, “அப்பா, ஃபைனலி! நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா, போதும் இந்த ஓட்டம்,” என்று கத்தினாள். குணசுந்தரி போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள். இவ்வளவு பிரியத்துக்கு நடுவில் மனுஷன் எங்கே போய் உண்மையைச் சொல்வது? அவர் வெந்நீரில் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

“நாளைக்கி நானும் வரேன்,” என்றாள், தட்டில் ரசம் ஊற்றியபடி. “மொதலாளிகிட்ட நீங்க நின்னுக்கறேன்னு சொல்லிட்டு வாங்க. நான் போயி பவ்யாவப் பாத்துட்டு வரேன். ட்ரெயின்ல உங்களுக்கு இத்தினி வருஷமா எடம் போட்டு வெச்சாங்களே, அவங்களுக்கெல்லாம் கேசரி செஞ்சி எடுத்தாரேன். வெறுங்கையோட எறங்கினா நல்லா இருக்காது.”

சனிக்கிழமை விடியும் முன்னே ஊரிகம் பிளாட்பாரத்தில் அவர்கள் நின்றார்கள். குணசுந்தரி பட்டு மாதிரித் தெரியும் ஒரு புடவை கட்டி, எவர்சில்வர் டப்பாவைத் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போலப் பிடித்திருந்தாள். அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எந்த நேரமும் ஏதாவது ஒரு கவசமோ, நூற்றெட்டோ அவள் வாயில் ஓடும். நடுநடுவே “கேஸ மூடினனா? பால்காரனுக்குச் சொல்லல,” என்றும் வரும். சாமிக்கு எது மந்திரம், எது பால்காரன் என்று பிரித்துக்கொள்ளத் தெரிந்திருக்கும் என்பது அவள் நம்பிக்கை.

ரயில் வந்தது. இன்பராஜ் ஜன்னல் சீட்டில் போட்டிருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு, “வாங்கக்கா, வாங்க,” என்று எழுந்து இடம் விட்டான். சிவலிங்கம் பழக்க தோஷத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். குணசுந்தரி பக்கத்தில் உட்கார்ந்து, ரயில் நகர்வதற்குள் டப்பாவைத் திறந்தாள். நெய் வாசனை பெட்டி முழுக்கப் பரவியது.

“எல்லாரும் வாங்கப்பா. எங்க வூட்டுக்காரருக்கு இதான் கடைசி ட்ரெயினு. சாமி கண்ணத் தொறந்துட்டாரு,” என்று உரக்கச் சொன்னாள்.

ஒருவரும் கை நீட்டவில்லை. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்பராஜ் குரலைத் தாழ்த்தி, “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பங்காருபேட் வந்துடட்டும். அது வரைக்கும் அண்ணன் டைமு,” என்றான்.

“இன்னா டைமு?”

“எங்களுக்கும் சரியாத் தெரியாதுக்கா. சும்மா ஜன்னல் பக்கம் உக்காந்துகினு இருப்பாரு. ஒரொரு நாளு சிரிப்பாரு. நாங்க யாரும் அந்த நேரத்துல கத்தி ஆட மாட்டோம்.”

“சிரிப்பாரா? இவரா? ட்ரெயின்லயா?”

“ஆமாக்கா. அந்த மொகத்தப் பாத்துட்டுப் போனா எங்களுக்கே வேல சலிப்பாத் தெரியாது.”

சிவலிங்கத்துக்கு இது புதுச் செய்தி. பதினைந்து வருஷமாகத் தன்னை யாரும் கவனிப்பதில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார். திரும்பிப் பார்த்தால் குணசுந்தரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ பொம்பிளையின் புருஷனைப் பார்ப்பது போல. இனி மூடி மறைக்க ஒன்றும் இல்லை. அவர் சொல்ல ஆரம்பித்தார். விளக்கு எரியாத வாரத்திலிருந்து தொடங்கி, பனி, மூச்சுச் சத்தம், மேட்டின் தலையில் ஏறிய சிவப்பு என்று திக்கித் திக்கிச் சொன்னார். சொல்லச் சொல்லத் தனக்கே அது ஒன்றுமில்லாத விஷயமாகத் தெரிந்தது.

“வேற ஒண்ணும் இல்ல குணா. நல்லா இருக்கும். அவ்ளோதான்.”

“அப்ப டெய்லி வந்து உயிரு போவுது உயிரு போவுதுன்னீங்களே?”

“அது… வாயில வந்துடும்.”

“அந்த வெந்நி? கால்ல எண்ணெ?”

“அது சாயங்கால ட்ரெயினுக்கு.”

சீட்டாட்டக்காரர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டு அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். குணசுந்தரி சிரிக்கவில்லை. டப்பாவை மூடினாள். அவளுடைய கண் நிறைந்தது. “ரெண்டு வருஷம்,” என்றாள், மெதுவாக. “பக்கத்து வூட்ல டிகாஷன் எறங்கற வாசன வந்தா நான் மூக்கப் பொத்திகினு தோட்டத்துக்குப் போவேன். தெரியுமா உங்களுக்கு? உங்களுக்கு வேணாங்கறத சாமிகிட்டக் கேட்டு வாங்கியாந்திருக்கேன். இப்ப அவருக்கு இன்னா பதில் சொல்லுவேன்?”

அவருக்கு அந்த நிமிஷம் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று தோன்றியது. ஜன்னல் போகட்டும், மேடு போகட்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்தில் நின்றவளை இரண்டு வருஷமாகப் பார்க்கத் தெரியாதவனுக்கு என்ன பெரிய பார்வை வேண்டிக்கிடக்கிறது? தினமும் காலையில் கண்ணைத் திறந்து உட்கார்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் நடந்தது கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது. அவள்மேல் அப்படி ஒரு பிரியமும் வந்தது.

ரயில் கோரமண்டலில் நின்று புறப்பட்டது. குணசுந்தரி மூக்கை உறிஞ்சினாள். முழங்கையால் அவர் விலாவில் இடித்தாள்.

“நவுருங்க.”

“இன்னா?”

“ஜன்னல் பக்கம் நான் உக்காரணும். இன்னாதான் கீதுன்னு பாக்கறேன்.”

அவர் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார். அந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. அவளுடைய பக்கவாட்டு முகம்தான் தெரிந்தது. முதலில் அவள் சண்டைக்குப் போகிறவள் போலத்தான் வெளியே பார்த்தாள். புருவம் நெரிந்திருந்தது. உதடு வழக்கம்போல் எதையோ வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு லெவல் கிராசிங் போனது. யூகலிப்டஸ் மரங்கள் வந்தன. கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். ஓடிக்கொண்டிருந்த உதடு மெதுவாகி, ஒரு சொல்லின் பாதியில் நின்றது. அவள் அதைத் திரும்ப எடுக்கவில்லை. புருவத்திலிருந்த முடிச்சு எப்போது அவிழ்ந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்தார், ஆனாலும் தெரியவில்லை.

மண்மேட்டுப் பக்கத்திலிருந்து வந்த வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் சும்மா உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. தூங்கும்போதுகூட ஏதாவது ஒரு விரல் அசையும். இப்போது இரண்டு கையும் டப்பாவின் மேல் அப்படியே கிடந்தன. பெட்டியின் ஆட்டத்துக்கு ஏற்ப அவள் மூச்சு போய் வந்தது. தன்னுடைய மூச்சும் அதே கணக்கில் போவதை அவர் கவனித்தார். பழக்கமான அந்தச் சந்தோஷம், ஜன்னல் இல்லாத இந்த இடத்துக்கும் எப்படியோ வழி கண்டுபிடித்து வந்திருந்தது. அச்சகத்து முதலாளியிடம் இன்றைக்கு என்ன சொல்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அவளிடம் இப்போதே ஏதாவது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது.

“குணா, மொதலாளிகிட்ட நான்…”

“பேசாதீங்க,” என்றாள் குணசுந்தரி, திரும்பாமல். “பங்காருபேட் இன்னும் வரல.”

எதிரில் இன்பராஜ் கையிலிருந்த சீட்டுக்கட்டு அட்டைகளைச் சத்தமில்லாமல் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான். மரங்களின் நிழல் ஒவ்வொன்றாக அவள் முகத்தின் மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் மடியில் டப்பாவின் மூடி லேசாக ஆடிச் சத்தம் போட்டது. சிவலிங்கம் அதன்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். கேசரி இன்னும் சூடாக இருந்தது.